ஞாயிற்றுக்கிழமை 22 மைல்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் ஒவைராகா என்றொரு புறநகர்ப் பகுதி. 1950களின் பிற்பாதியில், வாராவாரம் அங்கிருந்து ஒரு சிறு கூட்டம் ஓடக் கிளம்பும். வைட்டாக்கரே மலைத்தொடரில் ஏறி, வையாட்டருவா வழியாகச் சுற்றி வீடு திரும்ப 22 மைல். கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர், அதுவும் ஏற்றமும் இறக்கமுமாக. கூட்டத்தைச் சேர்த்தவர் ஆர்தர் லிடியார்ட். ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எந்தப் பயிற்சியையும் முதலில் தன் உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குச் சொல்வார்.

அந்தக் கூட்டத்தில் பீட்டர் ஸ்னெல் கொஞ்சம் பொருந்தாத ஆள். கட்டுமஸ்தான இளைஞர், அவருடைய பந்தயம் 800 மீட்டர். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூட ஓடியவர்களோ மர்ரே ஹால்பெர்க், பேரி மேகி போன்ற நெடுந்தூரக்காரர்கள். மலைப்பாதையில் ஸ்னெல் ஆரம்பத்தில் படாதபாடு பட்டார்.

1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். 800 மீட்டரில் உலக சாதனையாளர் ரோஜர் மூன்ஸைக் கடைசி அடிகளில் முந்தினார் ஸ்னெல். தங்கம். கொஞ்ச நேரத்தில் அதே மைதானத்தில் 5000 மீட்டர் ஓட்டம். மூன்று சுற்று மிச்சமிருக்கும்போதே ஹால்பெர்க் பிய்த்துக்கொண்டு ஓடினார். அவருக்கும் தங்கம். சில நாள் கழித்து மாரத்தானில் மேகிக்கு வெண்கலம். மூவரும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாதையில் ஓடிப் பழகியவர்கள்.

இதில் யார் வேகமானவர்? இரண்டு சுற்று ஓட்டத்தில் ஸ்னெலைப் பிடிக்க உலகத்திலேயே ஆள் இல்லை. 22 மைலில் அவர்தான் மூச்சு வாங்கியபடி பின்னால் வந்தவர். கூட்டாளிகளிடமிருந்து அவர் பெற்றது வேகம் அல்ல. அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. தனியாக விட்டிருந்தால் பாதியில் திரும்பியிருக்கக்கூடிய தூரத்தைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். 1961 டிசம்பரில் ஒரு முழு மாரத்தானையே 2 மணி 41 நிமிடத்தில் ஓடி முடித்தார் ஸ்னெல். அடுத்த சில வாரங்களிலேயே மைல் ஓட்டத்தில் உலக சாதனை. அதற்கடுத்த வாரம் 800 மீட்டரில் 1 நிமிடம் 44.3 வினாடி, அதுவும் புல்தரையில். அது அன்றைய உலக சாதனை. நியூசிலாந்தின் தேசிய சாதனையாக 60 ஆண்டுகளுக்கும் மேல் நின்றது.

பிற்காலத்தில் ஸ்னெல் அமெரிக்காவில் உடற்பயிற்சி உடலியல் படித்து முனைவர் பட்டம் வாங்கி, டல்லஸில் ஆராய்ச்சியாளராக இருந்தார். தன் கால்களுக்கு நேர்ந்தது என்ன என்று அவரே விளக்கம் தேடினார். நிதானமாக ஓடும்போது தசையில் மெதுவாகச் சுருங்கும் இழைகள்தான் முதலில் வேலை செய்கின்றன. அவற்றின் எரிபொருளான கிளைக்கோஜன், நேரம் போகப் போகத் தீர்ந்துவருகிறது. அப்போது, சும்மா இருந்த வேகமான இழைகளும் வேலைக்கு இழுக்கப்படுகின்றன. ஆக, இரண்டு மணி நேர நிதான ஓட்டம், குறுந்தூரக்காரரின் வேக இழைகளுக்கே தாக்குப்பிடிக்கும் திறனைப் பழக்கிவிடுகிறது. ஆனால் இதற்கு நேரம் வேண்டும். தொடக்கத்திலேயே மூச்சு முட்ட ஓடுபவர் அந்த இரண்டாவது மணி நேரத்தைப் பார்க்காமலே நின்றுவிடுவார்.

சிக்கலே இங்குதான். பக்கத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர் இருந்தால் கால் தானாக எட்டிப்போடும். 1920களில் பெர்லின் படகோட்டிகளை வைத்து ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் இதைச் சோதித்தார். இருவர் சேர்ந்து எடையைத் தூக்க வேண்டும். ஒருவர் ஓய்ந்தால் ஆட்டம் முடிந்தது. தனியாகத் தூக்கியதைவிட, ஜோடியில் இருந்த பலவீனமானவர் அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் வித்தியாசம் நடுத்தரமாக இருந்தபோதுதான் இந்த ஊக்கம் உச்சத்தில் இருந்தது. சரிசமமானவர்களிடமும், மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உள்ளவர்களிடமும் அது குறைந்தது.

மைதானத்தில் வேகப் பயிற்சி செய்யும் நாளில் இந்த உந்துதல் வரப்பிரசாதம். வாராந்தர லாங் ரன்னில் அதுவே வினை. மெதுவானவருக்கு அது ஒவ்வொரு வாரமும் பந்தயமாகிவிடுகிறது. புதன்கிழமை வரை கால் வலிக்கிறது. அடுத்த பயிற்சி கெடுகிறது. உடம்பை வதைக்காமல் பழக்க வேண்டும் என்பதை லிடியார்ட் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். வேகம் அளவோடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும். மெதுவானவர் ‘ம்’, ‘ஆமா’ என்று மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தால், வேகமானவர் வேகத்தைக் குறைக்க வேண்டிய நேரம் அது. பெரும்பாலும் அவர் கவனிப்பதில்லை. அவர் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டே போவார்!

சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொரு கணக்கும் உண்டு. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடம்பு சூடாகிறது. அதே வேகத்தில் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இதயத் துடிப்பு மெல்ல ஏறுகிறது. ஐந்தாவது கிலோமீட்டரில் சுகமாக இருந்த வேகம் பதினைந்தாவதில் சுகமாக இருக்காது. ஆகவே வேகத்தை ஆரம்பத்தில் ஒருமுறை பேசி முடித்தால் போதாது, வழியிலும் பேச வேண்டியிருக்கும்.

வேகமானவர் எல்லா வாரமும் தியாகம் செய்ய வேண்டும் என்பதில்லை. முன்னதாகவே வந்து சில கிலோமீட்டர் தனியாக ஓடிவிட்டு, களைத்த காலோடு நண்பருடன் சேர்ந்துகொள்ளலாம். இன்னொரு வழி கணக்கு வாத்தியாருக்குப் பிடிக்கும். இருவரும் ஒரே இடத்தில் கிளம்பி, அவரவர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடி, மணி அடித்ததும் நின்ற இடத்திலிருந்தே திரும்ப வேண்டும். ஒருவர் 10 கிலோமீட்டரில் திரும்புவார், மற்றவர் 12இல். வரும் வழியில் மெதுவானவர்தான் முன்னால், வேகமானவர் துரத்துவார். அவரவர் வேகம் மாறாமல் இருந்தால் கிளம்பிய இடத்துக்கு இருவரும் ஒன்றாக வந்து சேர்வார்கள். கடைசி கிலோமீட்டருக்கு முன்பே வேகமானவர் எட்டிப் பிடித்துவிட்டால், ஒன்று அவர் திரும்பும்போது காலை வீசிப் போட்டிருக்கிறார், அல்லது மற்றவர் போகும்போது அவசரப்பட்டிருக்கிறார்.