“போகப் போகப் பேசுவான்” என்று காத்திருக்கலாமா?

“இவன் அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்” என்பார் பாட்டி. “ஆம்பளப் பிள்ளை கொஞ்சம் லேட்டாத்தான் பேசும்” என்பார் பக்கத்து வீட்டு அக்கா. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்லவும் ஆள் இருக்கும். எல்லாம் அன்பில் வரும் பேச்சுதான். ஆனால் அந்த ஆறுதலிலேயே கழியும் மாதங்கள் குழந்தையின் மூளை மிக வேகமாக வளரும் மாதங்கள். தாமதமாக வளரும் குழந்தைக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் பயிற்சிக்கு ஈடு இல்லை.

எதைக் கவனிப்பது?

நான்கு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் பிடிமானமில்லாமல் உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதுவரை, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுவார்கள்.

பேச்சு விஷயத்தில், சொற்களை எண்ணும் முன் குழந்தையின் விரலைப் பாருங்கள். ஒன்றரை வயதுக் குழந்தை வேண்டியதைச் சுட்டிக்காட்டும். வானத்தில் விமானம் போனால் கையைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இது இல்லை, பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை என்றால் தாமதிக்காதீர்கள். இரண்டு வயதில் “பால் வேணும்” என்பதுபோல இரண்டு சொற்கள் சேர வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோனால், எந்த வயதாக இருந்தாலும், உடனே போக வேண்டும்.

முதலில் காது

பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. “தட்டு விழுந்தா திரும்புறானே, காது நல்லாத்தான் கேக்குது” என்று பெற்றோர் சொல்வார்கள். தட்டு விழும் பெரிய சத்தம் கேட்கும் குழந்தைக்கு ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் எட்டாமல் இருக்கலாம். ‘பெரா’ என்னும் பரிசோதனையில் தூங்கும் குழந்தையின் தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, ஒலி நரம்பு வழியே போகிறதா என்று பார்ப்பார்கள். வலி இல்லை. குழந்தை அசையாமல் தூங்க வேண்டும் என்பதுதான் சிரமம்.

எங்கே போவது?

2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அன்று குழந்தையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். மேல்சிகிச்சை தேவைப்படுவோரை மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். குழந்தை நல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர் என எல்லோரையும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காகவே இந்த மையங்கள் அமைக்கப்பட்டன. கட்டணம் கிடையாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர்சேவா சங்கம் கிராமத்து வீடுகளுக்கே பயிற்சியாளர்களை அனுப்புகிறது.

பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டையோடு, குழந்தை விளையாடுவதை போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் மிரளும் குழந்தை வீட்டில் செய்வதை அங்கே செய்யாது.

நோயின் பெயருக்காக நிற்காதீர்கள்

ஆட்டிசமா, வெறும் பேச்சுத் தாமதமா என்று உறுதியாகச் சொல்ல மருத்துவருக்கே சில மாதங்கள் ஆகலாம். அதுவரை பயிற்சியைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை. கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் பயிற்சியால் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் வராது.

வாரம் ஓரிரு தெரபி வகுப்பு மட்டும் போதாது. அங்கே கற்றதை வீட்டில் நாள் முழுக்கச் செய்யவேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் பாயில் குழந்தைக்கு நேரே உட்கார்ந்து, பந்தைத் தன் முகத்தருகே பிடித்து “பந்து” என்பார். பிறகு பேசாமல் காத்திருப்பார். குழந்தை கண்ணைப் பார்த்தாலோ, கை நீட்டினாலோ, “ப்” என்றாலோ அந்த நொடியே பந்து அதன் கைக்குப் போகும். நம்மால் முடியாதது அந்தக் காத்திருப்புதான்; கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுகிறோம். சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் இதைச் செய்யலாம். சாப்பிட வைக்க போனைக் கையில் கொடுத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பது குழந்தை நல மருத்துவர்களின் அறிவுரை.

இந்த மையங்களுக்குப் பெரும்பாலும் அம்மா மட்டுமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கற்றுக்கொண்டு போனதை வீட்டில் நம்ப வைப்பதும் அவர் பாடாகிறது. அப்பாவோ பாட்டியோ ஒருமுறையாவது உடன் வந்து, பயிற்சியாளர் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.