ஏறியதும் இறங்க வேண்டியதுதான்! 2 நிமிஷ விமானப் பிரயாணம்

வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் ஒரு விமானப் பிரயாணம் முடிந்துவிடும் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும்!

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடலில் ஆர்க்னி தீவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வெஸ்ட்ரே. அதன் அருகே பாப்பா வெஸ்ட்ரே என்ற குட்டித் தீவு. இரண்டிலும் விமான நிலையம் உண்டு. இடையே உள்ள தூரம் 2.7 கிலோ மீட்டர்தான்!

லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில், விமானம் ஓடிக் கிளம்பும் பாதை ஒன்றின் நீளமே 3.9 கிலோ மீட்டர். அந்தப் பாதையைவிட இந்தப் பிரயாணம் சிறியது.

53 வினாடி!

கால அட்டவணையில் இந்தப் பிரயாணத்துக்கு 2 நிமிஷம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு தடவை 53 வினாடியிலேயே விமானம் போய்ச் சேர்ந்துவிட்டது! அதுதான் சாதனை. கணக்குப் போட்டால், மணிக்கு சுமார் 183 கிலோ மீட்டர் வேகம்.

ஒரே தூரத்துக்கு ஏன் வெவ்வேறு நேரம்?

காரணம் காற்று. பின்னாலிருந்து காற்று தள்ளினால் விமானம் சீக்கிரம் போகும். எதிரே அடித்தால் தாமதம் ஆகும். விமானம் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். அதற்காகச் சுற்றி வளைத்துப் போனால், நேரம் இன்னும் கூடும்.

உலகத்தில் மிக நீண்ட விமானப் பிரயாணங்களில் ஒன்று, சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போவது. தூரம் 15 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல். நேரம் 18 மணிக்கு மேல். அந்த நேரத்தில் இந்தக் குட்டிப் பிரயாணத்தை 540 தடவை முடித்துவிடலாம்!

விமானி பக்கத்தில் இடம்

இங்கே பறப்பது சின்னஞ்சிறு விமானம். எட்டுப் பேர் ஏறினால் நிறைந்துவிடும். விமானிக்குப் பக்கத்து இருக்கையிலும் பிரயாணி உட்காருவது உண்டு. இந்தப் பிரயாணம் செய்ததற்கு அத்தாட்சிப் பத்திரமும் வாங்கிக்கொள்ளலாம்.

விளையாட்டுக்கு அல்ல

ஆனால், இது வேடிக்கைக்காக ஏற்பட்ட விமானம் அல்ல.

1967-ம் ஆண்டில் லோகன்ஏர் கம்பெனி இதைத் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரி கிர்க்வால் நகரில் இருக்கிறது. மேல் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளும் அங்கேதான் போக வேண்டும். விமானம் கிர்க்வாலிலிருந்து கிளம்பி, வெஸ்ட்ரேயில் இறங்கி, அடுத்த தீவுக்குத் தாவுகிறது. அந்தத் தாவல்தான் இந்த 2 நிமிஷம்!

டாக்டர், ஆசிரியர், நோயாளி எல்லோரும் இதில் பறந்திருக்கிறார்கள். வங்கி இல்லாத தீவுகளுக்கு வங்கி ஊழியர்கூட விமானத்தில் வந்து போனார். பாப்பா வெஸ்ட்ரேயில் 5 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய கல் வீடு இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு.

2011-ம் ஆண்டுக் கணக்குப்படி, பாப்பா வெஸ்ட்ரேயின் ஜனத்தொகை வெறும் 90.

90 பேருக்கு ஒரு விமானமா?

ஆம்! டிக்கெட் பணம் மட்டும் போதாது என்பதால், ஆர்க்னி உள்ளாட்சி மன்றம் உதவிப் பணம் கொடுக்கிறது. படகும் உண்டு. ஆனால் கடல் கொந்தளித்தால் படகை நம்ப முடியாது. டாக்டரும் பள்ளிக்கூடமும் எட்டாத ஊரில் யார் குடியிருப்பார்கள்?

தூரம் 2.7 கிலோ மீட்டர்தான். நடுவிலே கடல் அல்லவா இருக்கிறது!