லீலாவதியின் 28-ம் பள்ளிக்கூட நேர்மாறு சார்பும்

கொஞ்ச நாளாக இரண்டாம் பாஸ்கரரின் லீலாவதியை (1150) படித்து வருகிறேன். ஆபீஸ் வேலை முடிந்தபின் நாளைக்கு ஒரு கணக்கு, அவ்வளவுதான். இதற்கு நடுவே ப்ளஸ் ஒன் படிக்கும் என் அண்ணன் மகள் நேர்மாறு சார்பில் மாட்டிக்கொண்டு, "சித்தப்பா, நான் காமர்ஸ் குரூப்புக்கே மாறிடட்டுமா?" என்று கேட்கும் அளவுக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு செய்முறை: இரண்டு மாறிகளையும் இடம் மாற்று, பிறகு தீர். ஏன் இடம் மாற்றணும் என்று யாரும் சொல்லவில்லை. சுலபமான கணக்குக்கு இது மார்க் வாங்கித் தரும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கைவிட்டுவிடும்.

லீலாவதியில் இருக்கும் ஒரு கணக்கு இதற்கு நல்ல மருந்து. என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு எண்ணை எடுங்க. 3-ஆல் பெருக்கணும். வந்ததோடு அதன் முக்கால் பங்கைக் கூட்டணும். 7-ஆல் வகுக்கணும். அதிலிருந்து அதன் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கணும். வர்க்கப்படுத்தணும். 52-ஐக் கழித்து வர்க்கமூலம் எடுக்கணும். 8-ஐக் கூட்டி 10-ஆல் வகுத்தால் 2. எந்த எண்?

இதைச் சமன்பாடாக எழுதிப் பாருங்க, தலை சுத்தும். ஆனால் இது ஒன்பது சின்னச் சின்ன சார்புகளை வரிசையாகக் கோத்தது, அதாவது சேர்க்கைச் சார்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவிழ்ப்பது குழந்தை வேலை. கடைசியிலிருந்து வாங்க: 2-ஐ 10-ஆல் பெருக்கினால் 20. 8 போனால் 12. வர்க்கம் 144. 52 கூட்டினால் 196. வர்க்கமூலம் 14. இது வரைக்கும் எல்லோரும் வந்துடுவாங்க.

அடுத்த படிதான் பொறி. "மூன்றில் ஒரு பங்கைக் கழி" என்பதை அவிழ்க்க 14-ஓடு 14-ன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் தப்பு. கழிக்கும்போது எடுத்த பங்கு பழைய எண்ணின் பங்கு. மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் 14 என்றால் முழுசு 21. 7-ஆல் பெருக்கினால் 147. அடுத்து முக்கால் பங்கு கூட்டியது: நாலு பங்கு ஏழு பங்காகியிருக்கு, அதனால் 147-ஐ ஏழாக்கி நாலு பங்கு எடுக்கணும், 84. மூன்றால் வகுத்தால் 28. பாஸ்கரர் இந்தப் பொறிக்கென்றே விதி சொல்லியிருக்கிறார்: தன் பங்கைக் கூட்டியிருந்தால் பகுதியோடு தொகுதியைக் கூட்டிக்கொள், கழித்திருந்தால் கழித்துக்கொள், தொகுதியைத் தொடாதே. முக்கால் கூட்டியதற்கு ஏழில் மூன்று கழிக்கணும், மூன்றில் ஒன்று கழித்ததற்குப் பாதி கூட்டணும். ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 118 ரூபாய் என்றால், 118-ல் 18 சதவீதம் கழித்து 96.76 என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. 

இந்தத் தலைகீழ் முறைக்கு விலோமம் என்று பெயர். இன்னும் பழசு: 499 வாக்கில் எழுதிய ஆர்யபட்டீயத்தின் கணிதபாதத்திலேயே பெருக்கலுக்கு வகுத்தல், கூட்டலுக்குக் கழித்தல் என்ற விதி இருக்கிறது. பாடப்புத்தகம் இதையே "சேர்க்கையின் நேர்மாறு, நேர்மாறுகளின் எதிர்வரிசைச் சேர்க்கை" என்று சொல்கிறது. ஃபைலை ஸிப் பண்ணி, அப்புறம் என்க்ரிப்ட் பண்ணி அனுப்பினால், வாங்குபவர் முதலில் டிக்ரிப்ட் பண்ணணும், அப்புறம்தான் அன்ஸிப். எங்க வேலையில் தினம் நடக்கும் விஷயம்.

சரி, 28 மட்டும்தானா விடை? 196-க்கு வர்க்கமூலம் −14-ம் உண்டு. அங்கிருந்து பின்னால் போனால் −21, −147, −84, −28. முன்னோக்கிச் சரிபாருங்க, −28-க்கும் 2 தான் வருகிறது! வர்க்கப்படுத்தும் படி ஒன்றுக்கொன்று சார்பு இல்லை. இரண்டு பேரை ஒரே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. "இருபுறச் சார்புக்கு மட்டுமே நேர்மாறு உண்டு" என்ற வரியைப் பசங்க மனப்பாடம் பண்ணித் தாண்டிவிடுகிறார்கள். அது இந்த 28, −28 தகராறைப் பற்றியதுதான். மதிப்பகத்தை மிகை எண்கள் என்று குறுக்கினால் தகராறு தீர்ந்தது.

இப்போது தேர்வுக் கணக்குக்கு வருவோம். சார்புகளை ச, த என்றும், உள்ளே போகும் எண்ணை எ என்றும் வைத்துக்கொள்வோம். ச∘த என்றால் முதலில் த, அப்புறம் ச. கீழே இருக்கும் இரண்டு கணக்கும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

முதல் கணக்கு: ச(எ) = 3எ − 2, ச(த(எ)) = 6எ + 7. த என்ன? ச வெளியே இருக்கிறது. 3த(எ) − 2 = 6எ + 7 என்று எழுதினால் த(எ) = 2எ + 3. ஒரே வரி.

இரண்டாவது: த(எ) = 2எ + 3, ச(த(எ)) = 6எ + 7. ச என்ன? இங்கே தெரிந்தது உள்ளே இருக்கிறது. ச(2எ + 3) = 6எ + 7 என்பதில் 2எ + 3 = ட என்று வைத்தால் எ = (ட − 3)/2. அப்போது ச(ட) = 3(ட − 3) + 7 = 3ட − 2. முதல் கணக்கில் ச⁻¹-ஐ இடப்பக்கம் போட்டோம், இரண்டாவதில் த⁻¹-ஐ வலப்பக்கம். பக்கம் மாறினால் விடை மாறிடும். அண்ணன் மகள் திணறியது இந்த இரண்டாவது கணக்கில்தான். ட வைத்துக் காட்டியதும் மீதியை அவளே போட்டாள்.

ச⁻¹ என்ற குறியீடும் குழப்பத்துக்குப் பாதிக் காரணம். ஜான் ஹெர்ஷல் 1813-ல் சைன் சார்பின் நேர்மாறுக்கு இதைப் பயன்படுத்தினார். அவர் கணக்கில் ச² என்றால் ச-வை இரண்டு தடவை செய்வது, ச⁻¹ என்றால் ஒரு தடவை அவிழ்ப்பது. அழகான யோசனை. ஆனால் நாம் சைனுக்கு மேல் 2 போட்டால் பெருக்கல் என்றும், −1 போட்டால் அவிழ்ப்பு என்றும் படிக்கிறோம். பசங்க ஒன்றின் கீழ் ச என்று எழுதிவைத்தால் அவங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

கடைசியாக, எனக்குப் பிடித்த ஒன்று. ச(எ) = 2எ + 3, த(எ) = 5எ + க. ச∘த = த∘ச ஆக க என்ன? வழக்கமான வழி: 10எ + 2க + 3 = 10எ + 15 + க, ஆகவே க = 12. குறுக்கு வழி: ச எந்த எண்ணை அசைக்காமல் விடுகிறது? எ = 2எ + 3, அதாவது −3. த-வும் அதே −3-ஐ அசைக்கக் கூடாது: −15 + க = −3, க = 12. எண்ணின் கெழு 1 இல்லாத இரண்டு நேரியல் சார்புகள் வரிசை மாறியும் ஒரே விடை தரணும் என்றால் அவற்றின் நிலைப்புள்ளி ஒன்றாக இருக்கணும். ஏன் என்று ச(எ) + 3 = 2(எ + 3) என்று எழுதிப் பாருங்க, தெரிந்துவிடும்.