தண்ணீர் பாட்டில் ரெசினாகும் விதம்

நிக்காஹ் விருந்து முடிந்ததும் மண்டபத்தின் பின்னால் குவிந்து கிடக்கும் தண்ணீர் பாட்டில்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவை காயலான் கடைக்குப் போனால் (காயல்பட்டினத்தாரால் வந்த பெயர் என்பார்கள்) பெரும்பாலும் கழுவி, நொறுக்கி, உருக்கி, நூலாக இழுக்கப்படும். எளிய வழிதான். ஆனால் உருக்கும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து, தரம் இறங்குகிறது. அந்தச் சங்கிலியை நாமே திட்டமிட்டு அறுத்து, வேறு பொருளாக்குவது இன்னொரு வழி.

தண்ணீர் பாட்டில் 'பெட்' எனும் பாலியஸ்டர் வகை. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் துணி நூலுக்காக உருவாக்கியது. அமெரிக்கர் நத்தானியேல் வயத் 1973இல்தான் அதைப் பாட்டிலாக்கிக் காப்புரிமை பெற்றார். டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும் இணைந்து உண்டாகும் பொருள் இது. இணைந்ததைப் பிரிக்கவும் முடியும். பாட்டில் துண்டுகளைப் புரோப்பிலீன் கிளைக்காலில் இட்டு, சிறிதளவு துத்தநாக அசிடேட் சேர்த்து, சுமார் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் சில மணி நேரம் வைத்தால் சங்கிலிகள் அறுந்து கூழ் போன்ற திரவமாகும். அதனுடன் மாலிக் அன்ஹைட்ரைடை வினைபுரியச் செய்து, ஸ்டைரீனில் கரைத்தால் பாலியஸ்டர் ரெசின் தயார். கண்ணாடி இழைமேல் பூசி ஃபைபர் படகும் தொட்டியும் கதவும் செய்வது இவ்வகை ரெசினை வைத்துத்தான். சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளில் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டவை இந்த ஃபைபர் படகுகளே.

இதைக் கேட்டு, இனி எவ்வளவு பாட்டில் வாங்கினாலும் கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை இறுகிய ரெசின் மீண்டும் உருகாது; உடைந்த படகை உருக்கி இன்னொரு படகு வார்க்க முடியாது. பாட்டிலுக்கு நீண்ட மறுவாழ்வு கிடைக்கிறது, அவ்வளவுதான். எரிபொருள் செலவும் உண்டு, புதிய ரசாயனங்களும் வேண்டும். ஆனாலும் தெருவோரம் கொளுத்தி அந்தப் புகையைக் குழந்தைகள் சுவாசிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

எல்லாம் பிரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. பி.வி.சி. துண்டு கொஞ்சம் கலந்தாலும் சூட்டில் அமிலம் கக்கிப் பெட்டைக் கெடுத்துவிடும். பிரியாணி எச்சிலோடு ஒரே பையில் கட்டிய பாட்டிலைக் கழுவும் செலவே அதன் விலையைத் தின்றுவிடும். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட். 3 என்றால் பி.வி.சி. மூடி மட்டும் வேறு பிளாஸ்டிக். நொறுக்கித் தண்ணீரில் போட்டால் மூடித் துண்டு மிதக்கும், பெட் மூழ்கும். ஆலைகளில் இரண்டையும் பிரிப்பது இப்படித்தான்.