சுத்தியல் எடு... மலை ஏறு!

ஏ.சி. ரூம், சுத்துற சேர், கம்ப்யூட்டர்... இதுதான் உங்க கனவு வேலையா? அப்போ அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க. காடு, ஜீப், டென்ட், கையில சுத்தியல்... 'எனக்கு ஓகே'ன்னு சொல்றவங்க மட்டும் வாங்க. உங்க சூப்பர் சீனியர் ஒருத்தரை அறிமுகப்படுத்துறேன்.

பேரு பிரமத நாத் போஸ். வங்காளத்துக்காரர். ஸ்காலர்ஷிப்பில் லண்டன் போய்ப் படித்துவிட்டு, 1880-ல் ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவில் அதிகாரியாகச் சேர்ந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் நிறைந்திருந்த துறை அது. மத்திய மாகாணக் காடுகளில் அலைந்து, தல்லி ராஜ்ஹராவில் இரும்புத்தாது இருப்பதை 1887-ல் எழுதினார். ஆனால், 1903-ல் டைரக்டர் நாற்காலி யாருக்குப் போச்சு தெரியுமா? அவருக்குப் பத்து வருஷம் கழித்துச் சேர்ந்த தாமஸ் ஹாலந்துக்கு! போஸ் வேலையையே விட்டுவிட்டார்.

விட்டது வேலையைத்தான், சுத்தியலை இல்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் ஜியாலஜிஸ்ட் ஆனார். கோருமஹிசானி மலையில் தரமான இரும்புத்தாதுவைக் கண்டுபிடித்தார். 1904 பிப்ரவரியில் ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1907-ல் டாடா இரும்புக் கம்பெனி பிறந்தது. சாக்சி கிராமம் ஜாம்ஷெட்பூர் ஆச்சு. அந்தப் பழைய தல்லி ராஜ்ஹரா? 1959-ல் பிலாய் உருக்காலைக்குத் தாது கொடுக்க ஆரம்பித்தது. போஸ் இறந்து அப்போது 25 வருஷம்!

இந்த வேலையின் ருசியும் வலியும் இதுதான் பாஸ். மழை முடிந்ததும் மாதக்கணக்கில் ஃபீல்டு கேம்ப். மேப், காம்பஸ், லென்ஸோடு ஓடை ஓடையாக நடந்து, பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளக்கணும். சாம்பிள் உடைத்து லேபுக்கு அனுப்பணும். ரிசல்ட் நல்லா இருந்தால் பள்ளம் தோண்டி, அப்புறம் டிரில்லிங். மேலே வரும் உருளைக் கல்லை மீட்டர் மீட்டராகப் பார்த்து எழுதணும். ஜி-4-ல் தொடங்கி ஜி-1 வரை நாலு கட்டம். பல இடங்கள் பாதியிலேயே 'ஒண்ணும் தேறாது' என்று முடிந்துவிடும். அதையும் நேர்மையாக எழுதத்தான் சம்பளம். தேறினால் அரசு ஏலம் விடும். உங்களுக்குப் பங்கு கிடையாது. ரிப்போர்ட்டில் பேர் இருக்கும், அவ்வளவுதான்!

எப்படிச் சேர்வது? எம்.எஸ்சி. ஜியாலஜி அல்லது அப்ளைடு ஜியாலஜி. கடைசி வருஷம் படிக்கிறவர்களும் யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைண்டு ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பிரிலிமினரி, மெயின், இன்டர்வியூ என்று மூன்று படி. நிலத்தடி நீர் வாரியத்துக்கும் இதே தேர்வுதான்.

கைதட்டல் உடனே வேணும்னா இது உங்க ஏரியா இல்லை. போட்ட மேப் நமக்குப் பின்னாலும் பேசும், அது போதும்கிற ஆளா நீங்க? ஷூ லேஸைக் கட்டுங்க, கிளம்பலாம்!