ஆசைப்பட்ட வேலையும் அமைந்த வேலையும்

தெற்குத் தில்லியின் கிட்வாய் நகரில் நின்று சுற்றிலும் பார்த்தால், நம் நாட்டுப் பெற்றோர் பிள்ளைகளுக்காகக் காணும் கனவுகளில் மூன்றை அங்கிருந்தபடியே சுட்டிக்காட்டலாம். ரிங் ரோட்டைக் கடந்தால் 1956இல் நிறுவப்பட்ட அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம். இன்னொரு பக்கம் சற்றுத் தொலைவில், ஒரு காலத்தில் தலைநகரின் முதன்மை விமான நிலையமாக விளங்கிய சப்தர்ஜங். வடக்கே சில கிலோமீட்டர் சென்றால் மத்திய அரசின் அமைச்சகங்கள். மருத்துவர், விமானி, ஆட்சிப்பணி அதிகாரி என்னும் மூன்று கனவுகளுக்கும் நடுவில் அமைந்த குடியிருப்பு அது.

அங்கு வாழ்வோர் பெரும்பாலும் மத்திய அரசு ஊழியர்கள். அரசுக் குடியிருப்புகளில் ஒருவருக்கு எந்த வகை வீடு ஒதுக்கப்படும் என்பதை அவருடைய ஊதிய நிலையே தீர்மானிக்கிறது. டைப் 2 வீட்டில் தொடங்கிய எழுத்தர், பதவி உயர்வு பெற்று டைப் 3 வீட்டுக்கும், ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்னதாக டைப் 4 வீட்டுக்கும் மாறுவதுண்டு. ஒருவரது பணி வாழ்க்கையை அவர் குடியிருந்த வீடுகளைக் கொண்டே எழுதிவிடலாம். கிழக்கு கிட்வாய் நகரின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, சுமார் 86 ஏக்கர் பரப்பில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. வீட்டுக்கும் ஊதியத்துக்கும் உள்ள இந்த உறவு மட்டும் மாறவில்லை.

தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேர்ச்சி பெற்றுத் தில்லிக்கு ரயிலேறிய தமிழர்கள் பலர் இத்தகைய குடியிருப்புகளில்தான் குடும்பம் நடத்தினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் படித்தார்கள். அவற்றுள் ஒன்று கிட்வாய் நகருக்கு அருகே இலட்சுமிபாய் நகரில் உள்ளது. “பெரியவனானதும் என்ன ஆகப்போகிறாய்?” என்று கேட்காத மாமாவும் இல்லை, அதற்கு விடை சொல்லாத பிள்ளையும் இல்லை. சொன்ன விடைப்படியே ஆனவர்கள் சிலரே. மற்றவர்களின் ஆசை என்னவாயிற்று? தில்லியில் வாழ்ந்த சிலரின் வாழ்க்கை இதற்கு விடை தருகிறது.

ஊருக்குப் பெயர் தந்தவர்

ரஃபி அகமது கிட்வாய் 1894இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் பிறந்தார். அலிகாரில் பட்டம் பெற்றுச் சட்டப் படிப்பைத் தொடங்கினார். வழக்கறிஞராவதற்கான பாதை தெளிவாகவே இருந்தது. ஆனால், ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுச் சட்டப் படிப்பை முடிக்காமலே பொதுவாழ்வுக்கு வந்தார், சிறை சென்றார், பின்னர் மோதிலால் நேருவின் செயலாளராகப் பணியாற்றினார். விடுதலைக்குப் பின் தகவல் தொடர்பு அமைச்சரானார். தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களிலிருந்து இரவில் புறப்படும் விமானங்கள் நாகபுரியில் சந்தித்து அஞ்சல் பைகளை மாற்றிக்கொள்ளும் இரவு விமான அஞ்சல் சேவை, 1949இல் அவர் காலத்தில்தான் தொடங்கியது. பின்னர் உணவு அமைச்சரான அவர், 1954 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே மறைந்தார். முடிக்காத சட்டப் படிப்பை இன்று யாரும் நினைப்பதில்லை. ஊர்ப் பெயரில் நிற்பது, வழி மாறிய பின் அவர் ஆற்றிய பணி.

மருத்துவமனையை விட்டு வயலுக்கு

கிட்வாய் மறைந்த அதே 1954இல், வெளிநாட்டு ஆய்வை முடித்துக்கொண்டு ஓர் இளைஞர் இந்தியா திரும்பினார். அவர் எம்.எஸ். சுவாமிநாதன். 1925இல் கும்பகோணத்தில் பிறந்தவர். தந்தை அறுவை மருத்துவர்; மகனுக்குப் பதினோரு வயதானபோது காலமானார். மகனும் மருத்துவம் படிப்பான் என்றே குடும்பம் எதிர்பார்த்தது. அந்த எண்ணத்தை மாற்றியது 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம். இலட்சக்கணக்கானோர் உணவின்றி மாண்ட செய்தி, நோயைத் தீர்ப்பதற்கு முன் பசியைத் தீர்க்க வேண்டும் என்ற திசைக்கு அவரைத் திருப்பியது. கோயம்புத்தூரில் வேளாண்மை பயின்று, 1947இல் தில்லியின் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அங்கும் ஒரு திருப்பம் காத்திருந்தது. மத்தியப் பணியாளர் தேர்வை எழுதிய அவருக்கு இந்தியக் காவல் பணியில் இடம் கிடைத்தது. ஏறத்தாழ அதே வேளையில், நெதர்லாந்தில் மரபியல் ஆய்வு செய்ய யுனெஸ்கோ உதவித்தொகையும் கிடைத்தது. நிலையான அரசுப் பதவியை விட்டு அவர் ஆய்வைத் தேர்ந்தார். 1966இல் அதே தில்லி நிறுவனத்தின் இயக்குநரானார். அடுத்த சில ஆண்டுகளில் கோதுமை விளைச்சல் பெருகியபோது, அதைப் போற்றி 1968இல் அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அவர் மருத்துவர் ஆகவில்லை. ஆயினும், உயிர் காக்க வேண்டும் என்று அந்தக் குடும்பம் நினைத்ததை வயல்வழியே செய்து முடித்தார்.

ஒன்பதாம் இடம்

சுவாமிநாதன் தம் வழியைத் தாமே மாற்றிக்கொண்டார். ஆ.ப.ஜெ. அப்துல் கலாமுக்கோ கதவு மூடப்பட்டது. இராமேசுவரத்தில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் விளக்கி, பின் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டினார். பறத்தலின் மீது அன்று தோன்றிய நாட்டமே பின்னர் போர் விமானியாகும் ஆசையாக வளர்ந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க அவருக்கு இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணமில்லை. அவருடைய சகோதரி ஜோஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார்.

1958இல் இரண்டு நேர்காணல்களுக்காக அவர் வடக்கே வந்தார். ஒன்று தில்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் விமானத் தொழில்நுட்ப இயக்ககத்தில். மற்றொன்று டேராடூனில், விமானப்படைத் தேர்வு வாரியத்தில். டேராடூனில் இருபத்தைந்து பேரில் ஒன்பதாவது இடம் கிடைத்தது. தேர்வானவர்கள் எட்டுப் பேர். மனம் சோர்ந்து ரிஷிகேசம் சென்று, சுவாமி சிவானந்தரைச் சந்தித்துத் தேறுதல் பெற்றுத் தில்லி திரும்பியபோது, மற்ற நேர்காணலின் பணி ஆணை வந்திருந்தது. முதுநிலை அறிவியல் உதவியாளர் பதவி. மாதம் 250 ரூபாய் அடிப்படை ஊதியம். ஆசைப்பட்ட வேலை அன்று. ஆயினும் ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் நடந்ததை நாடறியும். 2006 ஜூன் 8ஆம் நாள், குடியரசுத் தலைவராக இருந்த அவர், தம் 74ஆம் வயதில் புனே லோகேகான் தளத்திலிருந்து சுகோய் 30 போர் விமானத்தில் பறந்தார். சிறு வயதில் அவரை ஈர்த்தது பறத்தல். விமானி என்பது அதற்கு அவர் இட்ட முதல் பெயர். அந்தப் பெயர் கைநழுவியது. ஈர்த்த பொருளோ வாழ்நாள் முழுவதும் உடன் வந்தது.

அலுவலகமும் எழுத்தும்

இன்னொரு வகையினரும் உண்டு. வாழ்க்கைக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு பணி என இரண்டையும் சுமந்தவர்கள். ரங்கராஜன் என்ற பொறியாளர் விமானப் போக்குவரத்துத் துறையில் சேர்ந்து தில்லியில் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்றார். தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. கல்லிடைக்குறிச்சியில் 1942இல் பிறந்த கே.எஸ். சுந்தரம் ரயில்வேயில் சில காலம் பணியாற்றி, பின் தில்லியில் நேஷனல் புக் டிரஸ்டில் சேர்ந்தார். ‘காகித மலர்கள்’ எழுதிய ஆதவன் அவரே. தலைநகர அலுவலகங்களில் உழலும் மனிதர்களின் அகத்தை அவரளவுக்கு எழுதியவர்கள் குறைவு. அலுவலக வாழ்க்கையே அவர் எழுத்துக்குக் கருப்பொருளானது. 1987இல் அவர் மறைந்த பின் சாகித்திய அகாதெமி விருது வழங்கப்பட்டது. பிடித்ததைச் செய்வதற்கு முழுநேர வேலை ஒன்றே வழி என்று எண்ணிச் சோர்வோர், இவ்விருவரையும் நினைவிற்கொள்வது நல்லது.

நின்ற இடத்திலேயே மாறும் பாதை

ஒரே நாற்காலியில் முப்பத்தைந்து ஆண்டுகள் அமர்ந்தவருக்கும் பாதை மாறாமல் இருப்பதில்லை. வேலையே மாறிவிடுகிறது. 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியத் தட்டச்சுப் பொறியை உருவாக்கியபோது, தட்டச்சுத் தேர்ச்சி ஒரு குடும்பத்தையே நிமிரச் செய்யும் தகுதியாக இருந்தது. இன்று அந்தப் பொறிகள் காட்சிப் பொருள்கள். தந்தி அலுவலகப் பணியைக் கனவு கண்டவர்களின் தலைமுறை, 2013 ஜூலையில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டதைக் கண்டது.

வங்கியும் இதற்கு விலக்கன்று. கையால் பேரேடு எழுதி, மாலையில் ஒரு பைசா வேறுபாட்டைத் தேடி இரவு வரை அமர்ந்திருந்த ஊழியர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். 1984இல் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு வங்கிகளில் கணினிமயத்துக்கு வழிகாட்டும் அறிக்கையை அளித்தது. அதன்பின் பேரேடு மறைந்தது. எழுத்தர் நாற்காலியில் இருந்தவர் நாற்பது வயதுக்குமேல் கணினி கற்றார். தொழில் மாற்றம் என்று அதை யாரும் அழைக்கவில்லை. உண்மையில் அது தொழில் மாற்றமே.

பிள்ளைகளிடம் எதைக் கேட்பது?

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2020 ஜனவரியில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 41 நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களில், ஆண்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும், முப்பது வயதில் தாங்கள் இருக்கப்போவதாகச் சொன்ன வேலைகள் வெறும் பத்துக்குள் அடங்கிவிட்டன. உலகில் உள்ள ஆயிரக்கணக்கான தொழில்களில் பிள்ளைகள் கண்டது பத்தை மட்டுமே.

அமெரிக்க உளவியல் அறிஞர் லிண்டா காட்ஃபிரட்சன் 1981இல் முன்வைத்த கருத்து இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்கிறார் அவர். ‘இது ஆண்களின் வேலை, இது பெண்களின் வேலை’ என்ற நீக்கம் ஆறு முதல் எட்டு வயதுக்குள்ளும், ‘இது நம் தகுதிக்குக் குறைவு, இது நமக்கு எட்டாதது’ என்ற நீக்கம் ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள்ளும் நடக்கிறது. வீட்டில் நாம் விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல்லும் அந்தப் பட்டியலில் ஒரு வரியை அடித்துவிடக்கூடும். 2016 ஜூன் மாதத்தில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் இந்திய விமானப்படையின் முதல் பெண் போர் விமானிகளாயினர். அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது அந்தக் கதவு பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை. ‘பெண்ணுக்கு அது ஆகாது’ என்ற சொல் அந்த வீடுகளில் முடிவாகியிருந்தால், கதவு திறந்த நாளில் அவர்கள் வாயிலில் நின்றிருக்க மாட்டார்கள்.

ஆகவே, “என்ன ஆகப்போகிறாய்?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “அதில் உனக்குப் பிடித்தது எது?” என்றும் கேட்கலாம். மருத்துவராக விரும்பும் பிள்ளைக்குப் பிடித்தது உடலின் அமைப்பா, நோயாளிக்கு ஆறுதல் சொல்வதா, வெள்ளை அங்கிக்குக் கிடைக்கும் மரியாதையா? முதலாவது என்றால் உயிரியல் ஆய்வு வரை வழி விரிகிறது. இரண்டாவது என்றால் செவிலியம், இயன்முறை மருத்துவம், உளவள ஆலோசனை எனப் பல வாயில்கள் உள்ளன. மூன்றாவது என்றால், மரியாதை எங்கெல்லாம் எப்படி வருகிறது என்று பேச அது நல்ல தருணம். நுழைவுத் தேர்வில் ஒரு மதிப்பெண் குறைந்த நாளில் வாழ்க்கையே முடிந்ததாக எண்ணாமல் பிள்ளையைக் காக்கப்போவது இந்த விடைதான்.

பணத்தைப் படிப்பின் பெயரில் சேருங்கள்

சகோதரியின் வளையல் அடகுக்குப் போகும் நிலை எல்லாக் குடும்பங்களுக்கும் வர வேண்டியதில்லை. பிள்ளைக்காகச் சேமிக்கும்போது ‘மருத்துவக் கல்லூரிக்கு’ என்று ஒரே கனவுக்கு முடிச்சுப் போடாமல், ‘மேற்படிப்புக்கு’ என்று பொதுவாகச் சேமிப்பதே நல்லது. பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைக்குத் தொடங்கப்படும் செல்வமகள் சேமிப்புக் கணக்கில், மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்க இயலும். எந்தப் படிப்பு என்பது மகளின் விருப்பம்.

கல்விக் கடனில், படிப்புக் காலத்துடன் பொதுவாக மேலும் ஓராண்டு கழித்தே தவணை தொடங்குகிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறும் மாணவர்கள் பிணையமும் பிணையாளரும் இன்றிக் கடன் பெற வழியுண்டு. ஆனால் கையெழுத்திடும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் படிப்பு முடிந்தபின் கிடைக்கக்கூடிய தொடக்க ஊதியத்தில் மாதத் தவணை தாங்குமா? தாங்காத தவணை, பிடிக்காத வேலையிலும் பிள்ளையைக் கட்டிப்போடும். சகோதரியின் நகையைத் தம் சொந்த வருவாயில்தான் மீட்க வேண்டும் என்று உறுதி பூண்டார் கலாம். கடன் அவர் முயற்சிக்கு ஊக்கமாயிற்று, தளையாகவில்லை. நம் பிள்ளைகளின் கடனும் அந்த அளவுக்குள் இருந்தால், வழி மாற வேண்டிய நாளில் அவர்கள் தயங்காமல் மாறுவார்கள்.