கொசு யாருடைய இரத்தத்தைத் தேடுகிறது?

மாலை மங்கும் நேரத்தில் கரடியனாற்றில் ஒரு மாட்டுக்காலைக்குப் பக்கத்தில் சற்று நின்றால் போதும். காதோரத்திலும் முழங்கையிலும் சுருக்கென்று ஏதோ கடிக்கும். நுளம்பின் சத்தம் கேட்காது. உற்றுப் பார்த்தால் ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் அளவான சிறு கொசு. விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் கியூலிகோயிடஸ்.

அரிப்புத்தானே என்று இதை விட்டுவிட முடியாது. 1990இலும் 2007இலும் ஊரைவிட்டு ஓடி, பட்டிகளை இழந்து, மீண்டும் ஒரு பசு, இரண்டு ஆடு என்று தொடங்கிய குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்கு ஒரு மாடு நோயில் விழுவதும் பெரிய இழப்பே.

விருப்பமும் வசதியும்

இரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை விளைய அதற்கு இரத்தம் வேண்டும். பிடித்த கொசுவின் வயிற்றிலுள்ள இரத்தத்தைப் பரிசோதித்து, அது எந்தப் பிராணியுடையது என்று ஆய்வாளர்கள் கண்டறிகிறார்கள். சில இனங்கள் பறவைகளையே நாடும். சில இனங்கள் மாடு, எருமை போன்ற பெரிய பிராணிகளை நாடும். மூச்சுக்காற்றும் உடல் மணமும் அவற்றை இழுக்கின்றன. விரும்பியது கிடைக்காவிட்டால் ஆட்டையும் மனிதரையும் கடிக்கும்.

நோய் பரவுவதும் இதைப் பொறுத்ததே. நோயுள்ள மாட்டில் குடித்த கொசுவின் உடலில் வைரஸ் ஒன்றிரண்டு வாரத்தில் பெருகும். பின்பு அது கடிக்கும் பிராணிக்கு உமிழ்நீர் வழியே நோய் போகும். மாட்டையும் ஆட்டையும் மாறி மாறிக் கடிக்கும் கொசு, ஒன்றின் நோயை மற்றதற்குக் கொடுக்கும். நீலநாக்கு நோய் இப்படிப்பட்டது. மாடு பெரும்பாலும் நோய்க்குறி காட்டாமல் வைரஸைச் சுமக்கும். செம்மறியோ வாய் வீங்கி மடியும். 1997-98இல் தமிழ்நாட்டில் இந்நோயால் செம்மறிகள் பெருந்தொகையாக இறந்தன.

நாம் கவனிக்க வேண்டியவை

மூன்று நாள் காய்ச்சல்: இவ்வகைக் கொசுவாலும் நுளம்பாலும் மாட்டுக்கும் எருமைக்கும் பரவுகிறது. திடீர்க் காய்ச்சல், நொண்டல், வாய்நீர் வடிதல், பால் குறைதல், எழும்ப முடியாமை இதன் அடையாளங்கள். பெரும்பாலான மாடுகள் சில நாளில் தேறும். ஆனால் விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால், வாயைத் திறந்து கஞ்சியோ கசாயமோ ஊற்றவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய் மாட்டைக் கொன்றுவிடும். நிழலில் கிடத்தி, பக்கம் மாற்றிவிட்டு, தண்ணீரை முன்னால் வையுங்கள்.

கோழி நோய்: வயற்சேற்றில் பெருகும் ஓர் இனம் கோழியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைச் சேர்க்கிறது. கொண்டை வெளிறும், எச்சம் பச்சையாகும், வாயால் இரத்தம் வரலாம். வேறு நோய்களிலும் இவற்றுட் சில தோன்றுமாதலால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

மாடு நம்மைக் காக்குமா?

மாடு பக்கத்தில் நின்றால் கொசு நம்மை விட்டுவிடும் என்பர். இது பாதி உண்மை. மாடு கொசுவை இழுக்கும். ஆனால் வீட்டோடு ஒட்டிக் கட்டினால் இரத்தமும் சாணமும் சேறும் ஒரே இடத்தில் கிடைக்கும். கொசு பெருகும்; நம்மையும் தேடி வரும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்தரைகளுக்குப் பட்டியைக் கொண்டுபோக முடியாத காலங்களில் மாடுகள் குடிமனையருகே நெருக்கமாக நிற்பதால், இது நமக்கு முக்கியமானது.

செய்யக்கூடியவை

1. காலையை வீட்டிலிருந்தும் கோழிக்கூட்டிலிருந்தும் இயன்ற அளவு தள்ளி, மேட்டில் அமையுங்கள்.
2. சாணத்தை நாளாந்தம் அள்ளி, நீர் தேங்காத இடத்தில் குவித்து மூடுங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சேறு சேர விடாதீர்கள்.
3. கொசு கூடுதலாகக் கடிப்பது அந்தியிலும் விடியலிலும். அந்நேரம் காலையில் புகை போடுங்கள்; ஓரளவு குறையும்.
4. சாதாரண நுளம்புவலையின் கண்ணுக்குள் கொசு நுழைந்துவிடும். கோழிக்கூட்டுக்கு மெல்லிய நெருக்கமான துணியால் திரை கட்டி, பொழுது சாயுமுன் மூடுங்கள். காற்றுப் போக இடமிருக்கட்டும்.
5. காய்ச்சலுள்ள மாட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து, புகையருகே கட்டுங்கள். கொசுவும் நுளம்பும் கடிக்காத மாட்டிலிருந்து இந்நோய் பரவாது.

ஒரு காலையில் மட்டும் சாணம் அள்ளினால் போதாது. அடுத்த வளவுக் கொசு இங்கும் வரும். ஆகவே இதை அயலவர்களுடனும் பேசுங்கள். நம் கையில் ஒப்படைக்கப்பட்ட வாயில்லாச் சீவன்களைக் காப்பது ஊர் கூடிச் செய்யும் வேலை.